ஐம்பதாயிரத்தில் ஒரு கோடு

'பிளேட்லெட்' என்ற சொல்லைத் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் கூட்டிவந்தது டெங்கு. மழைக்காலம் தொடங்கிவிட்டால், கிரிக்கெட் ஸ்கோரைக் கேட்பதுபோல அந்த எண்ணைக் கேட்பார்கள். "இன்னைக்கு எவ்வளவு? அறுபதா, நாப்பதா?" பின்னால் வரவேண்டிய 'ஆயிரம்' என்பதைச் சொல்வதுகூட இல்லை. எண் இறங்கினால் ரத்தம் கசியும். ஏறினால் வீட்டுக்குப் போகலாம். பப்பாளி இலையைச் சாறு பிழிந்து எடுத்துவரும் அத்தைக்கும் இது தெரியும். (சாறு வேலை செய்கிறதா என்பது வேறு கதை.)

அந்தப் பாடம் புற்றுநோய் வார்டின் வாசலில் தடுக்கி விழுகிறது.

ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்ளலாம். வயது 58, எடை 60 கிலோ. நிணநீர்ப் புற்றுநோய். இரண்டாவது சுற்றுக் கீமோ முடிந்து பத்து நாள் ஆகிறது. காலையில் எழுந்தால் இடது கால் தொடைவரை வீங்கியிருக்கிறது. டாப்ளர் ஸ்கேனில் தொடையின் ஆழ்சிரைக்குள் ஓர் உறைகட்டி. அது பிய்த்துக்கொண்டு இதயத்தின் வழியே நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அன்று பிற்பகல் ரத்தப் பரிசோதனை முடிவு வருகிறது: தட்டணுக்கள், அதாவது பிளேட்லெட், 38,000. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் இருக்கவேண்டியது ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம். மகன் கேட்கிறார்: "பிளேட்லெட்தான் குறைஞ்சுபோச்சே டாக்டர், அப்புறம் எப்படி ரத்தம் கட்டும்?"

கேள்வியில் தவறே இல்லை. தட்டணு குறைந்தவருக்கு உறைகட்டி வராது என்ற எண்ணம் அவ்வளவு இயல்பானது.

ரத்தம் உறைவதில் இரண்டு வேலைகள் பின்னிக்கிடக்கின்றன. ரத்தக்குழாய் கிழிந்த இடத்தில், கண்மாய்க் கரை உடைப்பில் மணல் மூட்டை போடுவதுபோல, தட்டணுக்கள் ஓடிவந்து அடுக்கிக்கொள்கின்றன. இது முதல் வேலை. இத்தாலிய விஞ்ஞானி ஜூலியோ பிட்சோசெரோ 1882இல் விவரித்த இந்தத் தட்டணுக்கள் முழு செல்கள்கூட இல்லை. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் மெகாகேரியோசைட் என்ற ராட்சத செல்லிலிருந்து உதிரும் துணுக்குகள். நாளொன்றுக்குச் சுமார் 10,000 கோடித் துணுக்குகள் உதிர்கின்றன. ஒவ்வொன்றின் ஆயுளும் ஏழிலிருந்து பத்து நாள்தான். கீமோ மருந்து மஜ்ஜையைத் தாக்கும்போது உற்பத்தி நிற்கிறது, பழையவை இறந்துகொண்டே இருக்கின்றன, எண் சரிகிறது.

இரண்டாவது வேலை, ரத்தத்தில் கரைந்திருக்கும் புரதங்களுடையது. ஒன்றை ஒன்று தட்டி எழுப்பி, கடைசியில் திராம்பின் உருவாகி, அது ஃபைப்ரின் என்ற இழை வலையைப் பின்னவைக்கிறது. இந்த வரிசையைத் தொடங்கிவைப்பது 'திசுக் காரணி' என்ற புரதம். ரத்தக்குழாய்ச் சுவருக்கு வெளிப்பக்கச் செல்களில்தான் அது சாதாரணமாகக் குடியிருக்கும். காயம் பட்டால் மட்டுமே ரத்தம் அதைச் சந்திக்கும். புற்றுநோய்ச் செல்கள் பல அதைத் தம் மேற்பரப்பிலேயே சுமந்து திரிகின்றன. போதாக்குறைக்கு, அது ஒட்டியிருக்கும் நுண்குமிழிகளை ரத்தத்துக்குள் உதிர்த்தும் விடுகின்றன. பாலுக்கு உறை ஊற்றியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஒரு பானைப் பாலுக்கு ஒரு கரண்டி மோர் போதும்.

இதோடு மற்றவையும் சேர்கின்றன. வீங்கிய நிணநீர்க் கணுக்கள் சிரையை நெரிக்கும். மருந்து ஏற்றுவதற்காகப் பொருத்திய குழாய் உள்சுவரை உரசும். சோர்ந்து படுத்திருப்பவரின் காலில் ரத்தம் தேங்கும். தமனியில் வேகமாக ஓடும் ரத்தத்தில் உருவாகும் கட்டிகளில் தட்டணுக்கள் மலிந்திருக்கும். சிரையின் மந்தமான ஓட்டத்தில் உருவாகும் சிவந்த கட்டிகளிலோ பெரும்பங்கு ஃபைப்ரின் வலையும் அதில் சிக்கிய சிவப்பணுக்களும்தான். கணக்குப் போட்டும் பார்க்கலாம். மைக்ரோலிட்டருக்கு 38,000 என்றால், ஐந்து லிட்டர் ரத்தத்தில் இன்னும் 19,000 கோடித் தட்டணுக்கள் மிதக்கின்றன. ஒரு காலை அடைக்க அது தாராளம்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கீமோ தொடங்கப்போகும் நோயாளிகளில் யாருக்கு உறைகட்டி வரும் என்று கணிக்க 2008இல் அலோக் கொரானாவும் சகாக்களும் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டார்கள். வயிறு, கணையப் புற்றுநோய்களுக்கு அதிக மதிப்பெண்; தட்டணு மூன்றரை லட்சமோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு மதிப்பெண். ஆக, தட்டணு கூடினால் ஆபத்து என்பது உண்மை. குறைந்தால் பாதுகாப்பு என்பது அதிலிருந்து கிடைப்பதில்லை.

புற்றுநோய்க்கும் உறைகட்டிக்குமான உறவைப் பாரிஸ் மருத்துவர் அர்மான் த்ரூசோ 1865இல் தன் விரிவுரைகளில் சொல்லிவிட்டார். இரண்டே ஆண்டில், தன் உடலிலேயே சிரை அடைப்பைக் கண்டு, வயிற்றுக்குள் இருப்பது புற்றுநோய்தான் என்று தெரிந்துகொண்டு, 1867 ஜூனில் இறந்தார். அந்தக் கதை எல்லா மருத்துவப் பாடநூலிலும் இருக்கிறது. நம் நோயாளிக்குப் பயன்படும் கதை வேறோர் ஊரில் நடந்தது.

1955இல் அமெரிக்காவின் பெத்தெஸ்டாவில் உள்ள தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் எமில் ஃப்ரைரைக் என்ற இளம் மருத்துவர் சேர்ந்தார். அவரிடம் வந்தது ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளின் வார்டு. அந்தக் குழந்தைகளைப் பெரும்பாலும் கொன்றது ரத்தப்போக்கு. மூக்கில், ஈறில், குடலில் ரத்தம். தலையணையிலும் செவிலியரின் வெள்ளைச் சீருடையிலும் ரத்தம். தட்டணுக் குறைவுதான் காரணம் என்று ஃப்ரைரைக் நம்பினார். மூத்தவர்கள் சிலர் நம்பவில்லை. புதிதாக எடுத்த தட்டணுக்களை ஏற்றியதும் ரத்தம் நின்றது. பிறகு, மகனுக்கு ரத்தப் புற்றுநோய் வந்ததால் அந்த நிறுவனத்துக்கு வந்துசேர்ந்த ஐ.பி.எம். பொறியாளர் ஜார்ஜ் ஜட்சனோடு சேர்ந்து, ஓடும் ரத்தத்திலிருந்தே செல்களைப் பிரித்தெடுக்கும் இயந்திரத்தையும் உருவாக்கினார். இன்று ஒரே கொடையாளியிடமிருந்து தட்டணுவை மட்டும் எடுத்துக்கொண்டு மீதி ரத்தத்தை அவருக்கே திருப்பி அனுப்பும் இயந்திரங்களுக்கு அது ஒரு முன்னோடி.

ஃப்ரைரைக், லாரன்ஸ் கேடோஸ், புள்ளியியலாளர் நேதன் மான்டெல் மூவரும் 1962இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தட்டணு எண்ணிக்கையையும் ரத்தப்போக்கையும் நாள்வாரியாக ஒப்பிட்ட கட்டுரை. எண் இறங்க இறங்க ரத்தப்போக்கு கூடியது. ஆனால் 'இந்த எண்ணுக்கு மேல் பத்திரம், கீழே ஆபத்து' என்று கோடு கிழிக்கும்படி எந்த இடமும் அதில் இல்லை. சரிவு மட்டுமே இருந்தது. இதைக் கட்டுரையாளர்களே சொன்னார்கள். படித்தவர்கள் என்ன செய்தார்கள்? 20,000க்குக் கீழே போனால் தட்டணு ஏற்றவேண்டும் என்று ஒரு கோட்டைத் தாங்களே போட்டுக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுப்பது வழக்கம். ஆஸ்பிரின் தட்டணுவைச் செயலிழக்கச் செய்யும் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. 20,000 என்ற எண்ணில் ஆஸ்பிரினின் கைங்கரியமும் கலந்திருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

கோடு முப்பத்தைந்து ஆண்டு அசையவில்லை. 1997இல் இத்தாலியில் 255 நோயாளிகளிடம் முறையாகச் சோதித்தபோது, கோட்டை 10,000க்கு இறக்கினாலும் பெரிய ரத்தப்போக்குகள் கூடவில்லை என்று தெரிந்தது. அதற்கு உடலியல் நியாயமும் உண்டு. காயமே படாத நாளிலும் ரத்தக்குழாய்ச் சுவர்களின் நுண்ணிய இடைவெளிகளை ஒட்டிக்கொண்டிருக்க உடல் தினமும் செலவழிக்கும் தட்டணுக்கள் மைக்ரோலிட்டருக்குச் சுமார் 7,100. பராமரிப்புச் செலவுக்கு அவ்வளவு போதும்.

ஆனால் 10,000 என்ற கோடு, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து எதுவும் எடுக்காதவருக்கானது. நம் நோயாளிக்கோ அந்த மருந்தைத்தான் கொடுக்கவேண்டியிருக்கிறது. அவருக்கான கோடு எங்கே?

50,000 என்று உலகம் முழுவதும் மருத்துவர்கள் சொல்வார்கள். அதற்கு மேல் இருந்தால் முழு அளவு மருந்து. கீழே போனால் யோசிக்கவேண்டும். இந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால் கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

புற்றுநோயாளிகளின் உறைகட்டிச் சிகிச்சையை மாற்றிய ஆய்வு 2003இல் வந்தது. ஆக்னெஸ் லீ தலைமையிலானது. அதுவரை வார்ஃபரின் மாத்திரைதான் வழக்கம். வார்ஃபரினின் வேகம் சாப்பாட்டுக்குத் தக்கபடியும் மற்ற மருந்துகளுக்குத் தக்கபடியும் மாறும். நிறுத்தினாலும் உடலை விட்டுப்போக நாள்கணக்கில் ஆகும். வாந்தியும் பசியின்மையுமாகக் கிடக்கும் கீமோ நோயாளிக்குப் பொருந்தாத குணங்கள். அதற்குப் பதிலாக டால்டிபாரின் என்ற குறைந்த மூலக்கூறு எடை ஹெப்பாரினை வயிற்றுத் தோலுக்கடியில் தினமும் ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். ஆறு மாதத்தில் மாத்திரை எடுத்த 336 பேரில் 53 பேருக்கு மறுபடி உறைகட்டி வந்தது; ஊசி போட்ட 336 பேரில் 27 பேருக்குத்தான் வந்தது. பாதி. 2018இலிருந்து எடாக்சபான், ரிவராக்சபான், அபிக்சபான் போன்ற புதிய மாத்திரைகளும் ஊசிக்கு ஈடுகொடுத்தன.

இந்த ஆய்வுகளில் யாரைச் சேர்த்தார்கள் என்பதையும் பார்க்கவேண்டும். 2003 ஆய்வில் தட்டணு 75,000க்குக் குறைந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. சேர்ந்த பிறகு குறைந்தால்? ஒரு லட்சத்துக்கும் 50,000க்கும் இடையில் ஊசியின் அளவைக் குறை. 50,000க்குக் கீழே நிறுத்து. நோயாளியின் பாதுகாப்புக்காக ஆய்வாளர்கள் வைத்துக்கொண்ட விதி அது. அறுவைச் சிகிச்சைக்கு முன் மருத்துவர்கள் பார்க்கும் எண்ணும் பெரும்பாலும் 50,000தான். வேலி கட்டுவதற்காக ஊன்றிய கம்பு, காலப்போக்கில் எல்லைக்கல்லாகிவிட்டது. வேலிக்கு அப்பால் நிற்கும் நம் நோயாளியைப் பற்றி அந்த ஆய்வுகள் எதுவும் சொல்வதில்லை. அவரை உள்ளே விட்டால்தானே சொல்வதற்கு?

ஆகவே 38,000 உள்ளவரைப் பார்க்கும் மருத்துவர் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. அவர் முதலில் கேட்பது தேதியை. உறைகட்டி வந்து எத்தனை நாள்?

மருந்து இல்லாவிட்டால் கட்டி வளரும், இடம்பெயரும், மீண்டும் வரும் அபாயம் முதல் மாதத்தில்தான் மிக அதிகம். போகப்போகக் குறையும். ரத்தப்போக்கின் அபாயமோ தட்டணு இருக்கும் இடத்தைப் பொறுத்து அப்படியே நிற்கும். தராசின் ஒரு தட்டில் எடை நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறது. சர்வதேச ரத்த உறைவு சங்கம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்தத் தேதியைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது. முதல் 30 நாளில், கட்டி பெரிய சிரையிலோ நுரையீரலிலோ இருந்தால், முழு அளவு மருந்தைக் கொடுத்துக்கொண்டே, தட்டணு ஏற்றி எண்ணை 40,000 முதல் 50,000 வரை தாங்கிப்பிடிக்கவேண்டும். கட்டி முழங்காலுக்குக் கீழே சிறு சிரையிலோ, ஊசிக்குழாய் பொருத்திய இடத்திலோ இருந்து, தட்டணு 25,000க்கும் 50,000க்கும் இடையில் என்றால், பாதி அளவோ தடுப்பு அளவோ போதும். மாதம் கடந்தவர்களுக்கும் அதே கணக்கு. 25,000க்குக் கீழே பொதுவாக மருந்தை நிறுத்தி வைப்பார்கள்.

வழிகாட்டுதல் என்றால் நிபுணர்கள் கூடி எடுத்த தீர்மானம் என்பதை மறக்கக்கூடாது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய பெரிய ஆய்வு ஒன்றின் முடிவாக வந்ததல்ல இது. 2021இல் வெளியான ஓர் ஆய்வு, இப்படித் தட்டணுவும் குறைந்து உறைகட்டியும் வந்த 121 பேரை அறுபது நாள் பின்தொடர்ந்தது. முழு அளவு பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 13 பேருக்குப் பெரிய ரத்தப்போக்கு. அளவு குறைக்கப்பட்டவர்களில் சுமார் 7. மறுபடி உறைகட்டி வந்தவர்கள் முழு அளவுக் கூட்டத்தில்தான் இருந்தார்கள். குறைந்த அளவு பெற்ற 33 பேரில் ஒருவர்கூட இல்லை. அப்படியானால் எல்லோருக்கும் பாதி போதுமே என்று தோன்றும். அவசரப்படக்கூடாது. யாருக்கு எவ்வளவு என்பதை அங்கே மருத்துவர்கள் பார்த்துப்பார்த்து முடிவு செய்திருந்தார்கள். மோசமான கட்டி உள்ளவருக்கு அதிக மருந்து போயிருக்கும்.

தட்டணு ஏற்றுவது என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். வார்டில் அது ஓட்டமும் நடையுமான வேலை. சிவப்பணு குளிர்பதனப் பெட்டியில் வாரக்கணக்கில் இருக்கும். தட்டணுவைக் குளிரவைத்தால், உடலில் ஏற்றியதும் சீக்கிரமே மறைந்துவிடும். அறை வெப்பநிலையே நல்லது என்று ஸ்காட் மர்ஃபியும் ஃபிராங்க் கார்ட்னரும் 1969இல் காட்டினார்கள். அதனால் அது 20 முதல் 24 டிகிரியில், தொட்டில்போல ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில் வைக்கப்படுகிறது. பொதுவாக ஐந்து நாள்தான் கெடு. ஒரு கொடையாளியின் ஒரு பை, நன்றாக வேலை செய்தால் எண்ணை 30,000 அளவுக்கு உயர்த்தும். காய்ச்சலும் வீங்கிய மண்ணீரலும் இருந்தால் அதிலும் பாதி கரையும். அடிக்கடி ஏற்றிக்கொண்டவரின் உடல் அந்நியத் தட்டணுவை அடையாளம் கண்டு அழிக்கப் பழகிவிட்டால், பை பையாக ஏற்றினாலும் எண் நகராது. ஒரு மாதம் தாங்கிப்பிடிப்பதென்றால் எத்தனை கொடையாளிகள், எத்தனை உறவினர்களின் தொலைபேசி அழைப்புகள் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

மருந்தே கொடுக்கமுடியாத நிலையில் இன்னொரு வழி உண்டு: அடிவயிற்றின் பெருஞ்சிரையில் ஒரு கம்பிச் சல்லடையைப் பொருத்துவது. பிய்த்துக்கொண்டு வரும் கட்டியை நுரையீரலுக்குப் போகவிடாமல் அது பிடிக்கும். பார்வைக்குப் புத்திசாலித்தனமான சாதனம். பிரான்சில் 400 பேரிடம் நடந்து 1998இல் வெளியான ஆய்வில், சல்லடை முதல் சில நாள்களில் நுரையீரல் அடைப்பைக் குறைத்தது உண்மைதான். ஆனால் இரண்டு ஆண்டு முடிவில் காலில் மீண்டும் உறைகட்டி வந்தவர்கள் சல்லடை வைத்தவர்களில் 20.8 சதவீதம், வைக்காதவர்களில் 11.6 சதவீதம். கட்டி புதிதாக உருவாவதை அது தடுப்பதில்லை. அந்நியப் பொருளாக இருந்து ஊக்கம் கொடுக்கிறது. வேலை முடிந்ததும் எடுத்துவிடவேண்டும். எடுக்க மறந்துபோன சல்லடைகள் தனிக் கதை.

எண்ணைப் பார்த்து முடிவெடுப்பதில் இருக்கும் மிகப் பெரிய பொறி இன்னும் பாக்கியிருக்கிறது. தட்டணு ஏன் குறைந்தது என்று கேட்காமல் விடுவதுதான் அது. கீமோதான் காரணம் என்று எல்லோரும் எடுத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் ஹெப்பாரின் தொடங்கி ஐந்திலிருந்து பத்து நாளில் எண் பாதிக்கும் மேல் சரிந்தால், குற்றவாளி அந்த ஊசியாகவே இருக்கலாம். சிலருடைய உடல், தட்டணுவிலிருந்து வரும் ஒரு புரதத்தோடு ஒட்டிக்கொண்ட ஹெப்பாரினை எதிரி என்று நினைத்து எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. அந்த எதிர்ப்பொருள் தட்டணுக்களை உசுப்பிவிடுகிறது. அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. அதனால்தான் எண் குறைகிறது. இந்த நிலையில் தட்டணுக் குறைவே உறைகட்டியின் அடையாளம். ஊசியின் அளவைப் பாதியாக்கினால் போதாது. ஹெப்பாரினை அடியோடு நிறுத்தி, ஆர்கட்ரோபான் போன்ற வேறு மருந்துக்கு மாறவேண்டும். மற்ற நோயாளிகளுக்குக் கைகொடுக்கும் தட்டணுப் பையையும் இங்கே கூடுமானவரை தவிர்ப்பார்கள்.

கசிவும் கட்டியும் ஒரே உடலில் ஒரே நேரத்தில் நடக்கும் உச்ச நிலை ஒன்று உண்டு. ரத்தப் புற்றுநோயில் புரோமைலோசைட் வகை. அதன் செல்களில் திசுக் காரணி நிரம்பியிருக்கும். உறை புரதங்களும் தட்டணுக்களும் சிறு குழாய்களில் வீணாகிக் கரைந்துபோக, மூளையில் ரத்தம் கசிந்து நோயாளிகள் இறப்பார்கள். ஷாங்காயில் வாங் சென்யியின் குழு இதற்கு வைட்டமின் ஏ வழிவந்த ஓர் அமிலத்தைக் கொடுத்துப் பார்த்தது. 1988இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையில் 24 நோயாளிகள். செல்களைக் கொல்லாமல் முதிரவைக்கும் மருந்து அது. செல் முதிர்ந்ததும் திசுக் காரணி அடங்கியது, ரத்தம் சில நாள்களில் சீரானது. உறைதலோடு நேரடியாக மல்லுக்கட்டாமல் உறைமோரையே எடுத்துவிட்டார்கள்.

எல்லாப் புற்றுநோய்க்கும் அந்த வசதி இல்லை. வேறு இரண்டு பக்கங்களிலிருந்து முயற்சி நடக்கிறது. மஜ்ஜையைத் தட்டி எழுப்பித் தட்டணுவைப் பெருக்குவது ஒன்று. தட்டணு உற்பத்தியைத் தூண்டும் திராம்போபொய்டின் 1994இல் கண்டறியப்பட்டது. அதைப் போலச் செய்த முதல் தலைமுறை மருந்து ஒன்று, உடலின் சொந்த ஹார்மோனையே தாக்கும் எதிர்ப்பொருளை உருவாக்கியதால் 1998இல் கைவிடப்பட்டது. அடுத்த தலைமுறை ரோமிப்ளோஸ்டிம். 2019இல் வெளியான சிறிய ஆய்வில், கீமோவால் தட்டணு குறைந்தவர்களில் இதைப் பெற்ற 15 பேரில் 14 பேருக்கு மூன்று வாரத்தில் எண் மீண்டது. பெறாத எட்டுப் பேரில் ஒருவருக்குத்தான் மீண்டது. ஏற்கெனவே கட்டி உள்ளவருக்குத் தட்டணுவைத் தூண்டலாமா என்ற பயம் மருத்துவர்களுக்கு இருக்கத்தான் செய்கிறது.

இன்னொன்று, கசிவைத் தூண்டாமல் கட்டியை மட்டும் தடுக்கும் மருந்து. பதினொன்றாம் உறை காரணி பிறவியிலேயே குறைந்தவர்களைப் பற்றி 1953இலேயே எழுதப்பட்டது. அவர்களுக்குத் தானாக ரத்தம் வடிவது அரிது. ஆழ்சிரைக் கட்டிகளோ மற்றவர்களைவிடக் குறைவு. அந்தக் காரணியைக் குறிவைக்கும் அபிலாசிமாப் என்ற மருந்தை முழங்கால் மாற்று அறுவைக்குப் பிறகு ஒரே தடவை செலுத்திப் பார்த்த ஆய்வு 2021இல் வந்தது. வழக்கமான எனாக்சபாரின் ஊசி போட்டவர்களில் 22 சதவீதத்தினருக்கு உறைகட்டி; 150 மில்லிகிராம் அபிலாசிமாப் பெற்றவர்களில் 4 சதவீதம். புற்றுநோயாளிகளிடமும் அதைச் சோதிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

நம் நோயாளிக்கு இப்போதைக்குக் கையில் இருப்பது பழைய ஹெப்பாரின் குடும்பம்தான். அதன் நல்ல குணம், சில மணி நேரத்தில் வீரியம் இறங்கிவிடுவது. இரவு எண் சரிந்தால் காலை ஊசியை விட்டுவிடலாம். தொடைச் சிரையில் கட்டி, முதல் வாரம், 38,000. மருத்துவர் ஒரு பை தட்டணு எழுதுகிறார்; எடைக்கு ஏற்ற முழு அளவு எனாக்சபாரின், 60 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு வேளை. ஆஸ்பிரினும் வலி மாத்திரைகளும் பக்கத்தில் வரக்கூடாது. மலம் கறுத்துப்போனால், தலைவலி விடாமல் இருந்தால் உடனே வரவேண்டும் என்று மகனிடம் இரண்டு முறை சொல்கிறார். வாரத்துக்கு இரண்டு ரத்தப் பரிசோதனை.

முப்பத்துமூன்றாம் நாள், அடுத்த சுற்றுக் கீமோவுக்குப் பிறகு, எண் 41,000. இந்த முறை பை எழுதவில்லை. ஊசியின் அளவைப் பாதியாக்குகிறார். "போன தடவை இதைவிடக் குறைவா இருந்தப்போ முழு அளவு போட்டீங்களே?" என்கிறார் மகன். மருத்துவர் டாப்ளர் அறிக்கையை எடுத்து, அதன் மேல் மூலையில் இருக்கும் தேதியைக் காட்டுகிறார்.